கில்பின் பெயரைக் கட்டடத்தோடு சேர்த்து இடித்துவிடாதீர்கள்

ரிச்மண்ட் மறுசீரமைப்பு மற்றும் வீட்டுவசதி ஆணையத்தின் ஆணையர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், உங்கள் ரிச்மண்ட் நகரத்தின் எல்லையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். இதே மடலை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களில் பலர் 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் கில்பின் கோர்ட் என்ற பொது வீட்டுவசதிக் குடியிருப்பைத் தாண்டித்தான் போய் வருகிறோம். சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் அந்தச் செங்கல் கட்டடங்கள் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் பதில் வராது. புதிதாக வருபவர்களிடம் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லி வைப்பது மட்டும் தவறாமல் நடக்கிறது. ரிச்மண்ட் எங்கள் ஊரும்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் இந்தக் கதை எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கில்பின் கோர்ட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டு வருகிறீர்கள். அந்த வேலை முடிந்து புதுக் குடியிருப்பு எழும்போது கில்பின் என்ற பெயரை எடுத்துவிடாதீர்கள். பெயரை மட்டும் வைத்துவிட்டு ஆளை மறந்துவிடவும் வேண்டாம். இந்த முறையாவது அந்தப் பெயரோடு, அதற்குச் சொந்தக்காரரான கறுப்பின நாடக நடிகர் சார்ல்ஸ் கில்பினையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கூரை ஒழுகுகிறவர்களுக்குப் பெயர் ஒரு பிரச்சினையா என்று யாராவது கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. கில்பின் கோர்ட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 63 ஆண்டு. சில மைல் தள்ளி வெஸ்டோவர் ஹில்ஸில் பிறக்கும் குழந்தைக்கு 83. ஒரே நகரம், இருபது ஆண்டு வித்தியாசம். நல்ல வீடு, வெப்பமூட்டி, மருத்துவம், இப்போது குடியிருப்பவர்கள் எல்லோரும் திரும்பி வருவதற்கான உறுதி, இவையெல்லாம்தான் முதலில். என் கோரிக்கை அதற்குப் பிறகு வருவதுதான். ஆனால் பிறகு என்று தள்ளிப்போட்டால் இந்த மாதிரி விஷயங்கள் ஒரு கூட்டத்தின் கடைசி நிமிடத்தில், யாரும் கவனிக்காத ஒரு தீர்மானத்தில் முடிந்துவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சார்ல்ஸ் சிட்னி கில்பின் 1878 நவம்பர் 20 அன்று உங்கள் ரிச்மண்டில் பிறந்தவர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. அம்மா செவிலியர், அப்பா உருக்காலைத் தொழிலாளி. 1890 மே மாதம் மானுமென்ட் அவென்யூவில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கு மாநிலங்களின் தளபதி லீயின் சிலையைப் பெரும் கூட்டம் கூடித் திறந்து வைத்தபோது இந்தப் பையனுக்கு 11 வயது. அந்தச் சிலையை எதிர்த்துத் துணிந்து எழுதியவர் ஜான் மிட்செல், 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையின் ஆசிரியர். இந்தச் சிலையை நிறுத்தியதும் கறுப்பின மக்களின் கைதான், காலம் வரும்போது இறக்கவும் அதே கை அங்கே இருக்கும் என்கிற பொருளில் அவர் எழுதினார். 2021 செப்டம்பரில் சிலை இறங்கியபோது ஊரே அந்த வரியைத் தேடிப் படித்தது.

சிறுவன் கில்பின் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு எடுபிடிப் பையனாகச் சேர்ந்தது இந்த பிளானட்டின் அச்சுக்கூடத்தில்தான். பத்திரிகையின் தலைப்பில் புடைத்த தசையோடு ஒரு கை, அதைச் சுற்றிப் பாயும் மின்னல் கீற்றுகள். முதல் பக்கத்தில், தெற்கு மாநிலங்களில் கும்பல்கள் கட்டித் தொங்கவிட்டுக் கொன்ற கறுப்பினத்தவர்களின் பட்டியலை மிட்செல் விடாமல் அச்சிட்டார். அன்றைய அச்சுக்கூடப் பையன்களுக்கு என்ன வேலை என்று நமக்குத் தெரியும். அச்சேறி முடிந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உரிய அறையில் திரும்பப் போட வேண்டும். ஒரு சொல்லின் எடையைக் கையில் வைத்துப் பார்த்து வளர்ந்த பையன் அவர். பின்னாளில் ஒரே ஒரு சொல்லுக்காக அவர் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்ததைப் படிக்கும்போது எனக்கு இந்த அச்சுக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் வந்த இருபது ஆண்டுகளை ஒரு நடிகரின் வாழ்க்கை என்று சொல்வதே கஷ்டம். பிலடெல்பியாவில் அச்சக வேலை கிடைத்தது. கறுப்பர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று வெள்ளைத் தொழிலாளிகள் எதிர்த்ததில் அது போனது. முடிதிருத்தும் வேலை, ரயிலில் போர்ட்டர் வேலை, லிஃப்ட் இயக்கும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். நடுநடுவே மேடை. பாடகர் குழுக்களோடு ஊர் ஊராகப் போனார். பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் என்ற அந்தக் காலத்துப் பெரிய நகைச்சுவை ஜோடியின் கம்பெனியில் இருந்தார். சிகாகோவில் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான பெக்கின் தியேட்டரின் நாடகக் குழுவில் நடித்தார். சீசன் முடிந்தால் மறுபடி கூலி வேலை.

1916-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், லஃபாயெட் தியேட்டர் குழுவில் அவர் ஏற்ற ஒரு வேடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாடகத்தில் ஓர் அடிமை முதலாளி, வில்லன், வெள்ளைக்காரன். அந்த வேடத்தை முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு கில்பின் நடித்தார். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலிப்பொருளாக ஆடிக்காட்டி நாடு முழுவதும் காசு சம்பாதித்த காலம் அது. உள்நாட்டுப் போரில் பிரிந்த தெற்கு மாநிலங்களின் தலைநகரமாக இருந்த ரிச்மண்டில் பிறந்தவர், அடிமைகளை வாங்கி விற்கிற ஒருவனின் உடம்புக்குள் புகுந்து அவனைக் கறுப்பினப் பார்வையாளர்கள் முன்னால் நிறுத்தினார். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த முதியவர்களில் சிலர் அடிமைகளாகவே பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

1919 டிசம்பரில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் வாய்ப்பு கிடைத்தது. ஆபிரகாம் லிங்கனைப் பற்றிய நாடகம் கார்ட் தியேட்டரில் நடந்தது. அதில் லிங்கனைச் சந்திக்க வரும் கறுப்பினப் போதகராகச் சின்ன வேடம் இவருக்கு. இதே கார்ட் தியேட்டருக்குத்தான் 2022-இல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் பெயரைச் சூட்டினார்கள். கில்பின் ஓரமாக வந்து நின்றுவிட்டுப் போன அந்த மேடைக்கு இன்று ஒரு கறுப்பின நடிகரின் பெயர். ஒரு கட்டடத்தின் பெயர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் அந்த வாசலில் போய் நின்று பார்க்கலாம்.

அந்தச் சின்ன வேடம் கண்ணில் பட்டு ப்ராவின்ஸ்டவுன் பிளேயர்ஸ் குழு அவரைத் தேடி வந்தது. கிரீனிச் வில்லேஜில் மெக்டூகல் தெருவில் ஒரு குட்டி அரங்கு வைத்திருந்தவர்கள். அவர்களிடம் யூஜின் ஓநீல் என்ற இளம் நாடகாசிரியர் எழுதிய 'எம்பரர் ஜோன்ஸ்' இருந்தது. முதன்மைப் பாத்திரத்துக்கு வழக்கம்போல ஒரு வெள்ளை நடிகருக்குக் கரி பூசிவிடாமல் ஒரு கறுப்பின நடிகரையே தேடினார்கள். 1920 நவம்பர் 1 அன்று திரை விலகியது.

நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கில்பின் செய்தது என்ன என்பது அப்போதுதான் புரியும். புரூட்டஸ் ஜோன்ஸ் ஒரு முன்னாள் ரயில் போர்ட்டர். சூதாட்டத் தகராறில் ஒருவனைக் கொன்று, சிறைக்குப் போய், அங்கிருந்தும் தப்பி, கரீபியன் தீவு ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறான். ஈயக் குண்டு தன்னைக் கொல்லாது, வெள்ளிக் குண்டு மட்டுமே கொல்லும் என்று மக்களை நம்பவைத்துப் பேரரசனாகிவிடுகிறான். நாடகம் தொடங்கும்போது மக்கள் கலகத்துக்குத் தயாராகிவிட்டார்கள். ஜோன்ஸ் காட்டுக்குள் ஓடுகிறான். மொத்தம் எட்டுக் காட்சிகள். நடுவில் உள்ள ஆறில் காட்டுக்குள் அவன் மட்டும்தான் பேசுகிறான். எதிரே வருபவை எல்லாம் அவன் மனதிலிருந்து கிளம்பும் உருவங்கள்: அவன் கொன்றவன், சிறைக் காவலன், அதற்கும் முன்னால் அடிமைச் சந்தை, அடிமைக் கப்பல்.

தூரத்தில் ஒரு முரசு ஒலிக்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 72 அடி, சாதாரண நாடித்துடிப்பின் வேகம். அது நிற்பதே இல்லை. காட்சி மாறினாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடுகிறது. பார்ப்பவர்களின் நாடியும் அதோடு ஓடத் தொடங்குகிறது. ஜோன்ஸின் உடம்பில் இருந்த வெளிர்நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், தங்கப் பட்டைகள், சிவப்புக் கால்சட்டை, குதிமுள் வைத்த பளபளக்கும் பூட்ஸ், எல்லாம் ஒவ்வொன்றாகக் கிழிந்து விழுகின்றன. துப்பாக்கியில் இருக்கும் குண்டுகளை ஒவ்வோர் உருவத்தின் மேலும் ஒன்றாகச் சுட்டுத் தீர்க்கிறான். கடைசியில் மிஞ்சுவது வெள்ளிக் குண்டு. மக்கள் தங்களிடமிருந்த வெள்ளிக் காசுகளை உருக்கிக் குண்டு வார்த்து அவனைச் சுடுகிறார்கள். முரசு நிற்கிறது.

சுமார் ஒன்றரை மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே ஆள் தாங்க வேண்டிய நாடகம் இது. ஓர் இரவில் இருந்து மறு இரவுக்கு, வாரம் முழுக்க. கில்பினுக்கு அப்போது வயது 41, கையில் இருந்தது இருபது ஆண்டு மேடை அனுபவம். நாடகம் தொடங்கிய மறுநாளிலிருந்து டிக்கெட்டுக்கு நெருக்கடி. சில வாரங்களில் பிராட்வேக்கு மாற்றினார்கள். 204 முறை நடந்தது. பிறகு நாடு முழுக்கச் சுற்றுப்பயணம். கனமான ஒரு நாடகத்தின் நாயகனாக ஒரு கறுப்பின நடிகர் பிராட்வேயில் நட்சத்திரமானது அதுதான் முதல் முறை. கறுப்பினச் சாதனையாளர்களுக்கான ஸ்பின்கார்ன் பதக்கத்தை, முந்திய ஆண்டு கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கொடுத்ததை, 1921-இல் கில்பினுக்குக் கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் நடிகர் அவர். அதிபர் ஹார்டிங் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

அதே 1921-இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க் டிராமா லீக், அந்த ஆண்டு நாடகக் கலைக்கு அதிகம் செய்தவர்கள் என்று பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து விருந்து வைப்பது வழக்கம். கில்பின் பெயரும் வந்தது. ஒரு கறுப்பரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று உறுப்பினர்களில் சிலர் கொதித்தார்கள், அழைப்பு ஆட்டம் கண்டது. ஓநீலும் கென்னத் மெக்கவன் என்ற விமர்சகரும் மற்ற விருதாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, கில்பின் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று சொல்லவைத்தார்கள். லீக் இறங்கி வந்தது. கில்பின் போனார். நீண்ட கைதட்டல் கிடைத்தது. ஊரில் யாரும் அவருடைய நடிப்பைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நடித்துக் காட்டிய மேடைக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கலாம், அருகில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதுதான் அவர்கள் வகுத்திருந்த எல்லை.

சரி, அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். ஓநீலின் வசனத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்த இழிசொல் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஜோன்ஸின் வாயிலிருந்தே. நாள்தோறும், நூற்றுக்கணக்கான வெள்ளைப் பார்வையாளர்கள் முன்னால், ஊர் ஊராகப் போய் அதைச் சொல்ல வேண்டிய ஆள் கில்பின். சுற்றுப்பயணம் நீள நீள அவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டுப் பேசத் தொடங்கினார். ஓநீலுக்குச் செய்தி போனது. நேரில் வந்து, இன்னொரு முறை மாற்றினால் அடித்துவிடுவேன் என்று மிரட்டினார். டிராமா லீக் விவகாரத்தில் கில்பினுக்காக முன்னால் நின்ற அதே ஓநீல்தான்.

நாடகாசிரியரின் வரியில் நடிகர் கை வைக்கக்கூடாது என்பது பொதுவாக நல்ல விதி. நானும் அதை ஏற்பவன். ஆனால் இங்கே கில்பின் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை எழுதியவர் அறையில் உட்கார்ந்து ஒருமுறை எழுதினார். கில்பின் அதை ஒவ்வோர் இரவும் தன் நாக்கில் சுமந்தார். காட்சி முடிந்து மேக்கப்பைக் கலைத்து வெளியே வந்தால் தெருவில் அதே சொல்லை அவர்மேல் வீசுபவர்கள் இருந்தார்கள். பல ஊர்களில் அவர் நடித்த அரங்கின் நல்ல இருக்கைகளில் அவருடைய சொந்த மக்கள் உட்கார முடியாது. பிளானட் அச்சுக்கூடத்தில் எழுத்து பொறுக்கிய ஒருவருக்கு, அச்சில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல் சரியாகிவிடாது என்பது தெரிந்திருக்கும்.

அதற்கான விலையையும் அவர்தான் கொடுத்தார். ஓநீல் அவரைப் பற்றிக் கடிதங்களில் கடுமையாக எழுதினார். அடுத்து வந்த மறுமேடையேற்றத்துக்கும் 1925-இல் லண்டனுக்கும் இளைஞரான பால் ரோப்சனைத் தேர்ந்தெடுத்தார். ரோப்சன் மாபெரும் கலைஞர், அவரைக் குறைத்துப் பேச ஒரு காரணமும் இல்லை. 1933-இல் வந்த படத்திலும் அவர்தான். அதனால் இன்று எம்பரர் ஜோன்ஸ் என்றால் பலருக்கு ரோப்சனின் முகமே தோன்றுகிறது. அந்த வேடத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கிய முகம் பின்னால் போய்விட்டது. கில்பின் குடித்தார் என்பதும் உண்மைதான். அவருக்கு வாய்ப்பு குறைந்ததற்கு அதையே முழுக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. குடிகார நடிகர்கள் அன்றைய பிராட்வேயில் நிறையப் பேர் இருந்தார்கள், வெள்ளையர்கள் என்றால் அடுத்த சீசனுக்கும் வேலை இருந்தது.

1926-இல் அவரே அந்த நாடகத்தை மீண்டும் நியூயார்க்கில் நடத்தினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற நாடகாசிரியரான மாஸ் ஹார்ட், இளைஞராக அவரோடு அதில் நடித்து, அந்த நடிப்பின் வீச்சை ஆயுள் முழுக்க வியந்து பேசினார். அதே ஆண்டு பிலடெல்பியாவில் எடுத்த ஒரு மௌனப் படத்தில் கில்பின் நாயகன். படம் இன்றும் இருக்கிறது. குடியால் மகளை இழக்கும் தகப்பன் வேடம். குரல் கேட்காத அந்தப் படத்தில், முகத்தையும் தோளையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் மெக்டூகல் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஹாலிவுட்டில் யூனிவர்சல் கம்பெனி, புகழ்பெற்ற நாவலில் வரும் பொறுமையான அடிமை 'அங்கிள் டாம்' வேடத்துக்கு அழைத்தது. பாத்திரத்தை எப்படிக் காட்டுவது என்பதில் ஒத்துப்போகாமல் விலகிவிட்டார். மறுபடியும் அதே பிடிவாதம்.

பிறகு குரல் போய்விட்டது. மேடையில் குரல் இல்லாமல் என்ன செய்வது? லிஃப்ட் இயக்கும் வேலைக்கே திரும்பினார். 1930 மே 6 அன்று நியூஜெர்சியில் இறந்தபோது வயது 51. ஓநீல் தன் கடைசிக் காலத்தில் பழையதைத் திரும்பிப் பார்த்தபோது, தன் மனதில் இருந்த பாத்திரத்தை முழுக்க அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர் கில்பின் என்று ஒப்புக்கொண்டார். சொன்னது 1940களில். கில்பின் காதுக்குப் போய்ச் சேர வழியில்லை.

ஆணையர்களே, உங்கள் பங்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் ஆணையம் உருவானது 1940-இல். ஜாக்சன் வார்டில் அப்போஸல் டவுன் என்ற பழைய குடியிருப்பை அகற்றிவிட்டு, நகரத்தின் முதல் பொது வீட்டுவசதித் திட்டத்தைக் கட்டி, அதற்குக் கில்பின் பெயரை வைத்தீர்கள். அவர் இறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவரை மேடையில் பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அந்தப் பெயர் அன்று ஒரு கௌரவம். பிறகு 1950களில் ஜாக்சன் வார்டை இரண்டாகப் பிளந்து நெடுஞ்சாலை போட்டார்கள். கடைகள், தேவாலயங்கள், அரங்குகள் ஒரு பக்கம். கில்பின் கோர்ட் மறு பக்கம், தனியாக. அதன் பிறகு நடந்ததையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கௌரவமாக வைத்த பெயர் மெல்ல மெல்ல, குற்றச் செய்திகளின் தலைப்பில் மட்டும் வருகிற பெயராக ஆனது.

புதிதாகக் கட்டும்போது பழைய பெயரின் கறை வேண்டாம் என்று யோசனை சொல்பவர்கள் கண்டிப்பாக வருவார்கள். வீடு விற்பவர்கள் சொல்வார்கள், முதலீடு செய்பவர்கள் சொல்வார்கள். வேறு ஊர்களில் இது நடந்திருக்கிறது. சிகாகோவின் வீட்டுவசதி ஆணையத்துக்குத் தலைவராக இருந்த முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் டெய்லர். அவர் பெயரில் பிரம்மாண்டமான ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள், பராமரிக்காமல் சீரழிய விட்டார்கள், 2007-க்குள் முழுவதும் இடித்து முடித்தார்கள். அங்கே எழுந்த புதுக் குடியிருப்பின் பெயர் லெஜண்ட்ஸ் சவுத். டெய்லர் பெயர் போயே போய்விட்டது. பராமரிக்கத் தவறியது யாரோ, பெயர் பறிபோனது அவருக்கு. கில்பினுக்கும் அது நடக்கக்கூடாது. குழாய் வெடித்ததும் வெப்பமூட்டி நின்றதும் கில்பின் செய்த தவறு இல்லையே.

பெயரைக் காப்பாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1920களில் கிளீவ்லாந்தில் கறுப்பின இளைஞர்களின் அமெச்சூர் நாடகக் குழு ஒன்று இருந்தது. சுற்றுப்பயணத்தில் வந்த கில்பின் அவர்களைப் பார்த்து உற்சாகப்படுத்தி, கையிலிருந்து 50 டாலரும் கொடுத்தார். குழு தன் பெயரை கில்பின் பிளேயர்ஸ் என்று மாற்றிக்கொண்டது. புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் நாடகங்களை மேடையேற்றும் அளவுக்கு வளர்ந்தது. கராமு ஹவுஸ் என்ற பெயரில் அந்த அரங்கு இன்றும் இருக்கிறது. ஐம்பது டாலரும் ஒரு பெயரும் அங்கே இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். கில்பின் பிறந்த அதே 1878-இல் அதே ரிச்மண்டில் பிறந்த இன்னொரு கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன். ஆடம்ஸ் தெருவும் லீ தெருவும் சந்திக்கும் இடத்தில் பிள்ளைகள் பத்திரமாகச் சாலையைக் கடக்கட்டும் என்று தன் காசில் போக்குவரத்து விளக்கு வாங்கிக் கொடுத்தவர். 1973-இல் அந்தச் சந்திப்பிலேயே அவருக்கு அலுமினியச் சிலை வைத்தார்கள். படியில் இறங்கிக்கொண்டே ஆடுகிறார், ஒரு கால் கீழ்ப்படியைத் தேடுகிறது. பார்க்கிறவர்கள் முகத்தில் தானாகச் சிரிப்பு வரும். கொஞ்ச தூரத்தில் 2017-இல் வைத்த மேகி வாக்கரின் சிலை. வங்கி தொடங்கிய அந்தப் பெண்மணியைச் சுற்றி உட்கார்ந்து படிக்கக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. இந்த இரண்டையும் பார்க்கக் குடும்பத்தோடு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கில்பினைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். மறுகட்டுமானத் திட்டத்தில் கில்பின் பெயர் தொடரும் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். குடியிருப்பவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அந்தப் பெயரோடு இத்தனை காலம் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர் யார் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். தெரியாத ஒருவரின் பெயர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது, எப்படியும் ஒரு சமுதாயக் கூடம் கட்டுவீர்கள். அதை வெறும் கூடமாகக் கட்டாமல், நாடகம் போடக்கூடிய ஒரு சின்ன அரங்காகக் கட்டுங்கள். மெக்டூகல் தெருவில் இருந்ததும் பெரிய அரங்கு இல்லை, பெஞ்சு போட்ட ஒரு குட்டி இடம்தான். மேடைக்கு நல்ல தரை, நாலைந்து விளக்குகள், ஒப்பனை செய்ய ஓர் அறை, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஊதியம் பெறுகிற ஓர் ஆசிரியர். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் செலவுக் கணக்கில் முதலில் வெட்டுவார்கள். அதை வெட்டினால் அந்த இடம் பூட்டித்தான் கிடக்கும். நாற்காலி, விளக்குகளுக்கு நிதி திரட்ட வேண்டுமென்றால் எங்கள் தமிழ்க் குடும்பங்களிடம் நான் போய்க் கேட்கத் தயார். இந்த ஊரின் நல்லது கெட்டதில் எங்களுக்கும் பங்கு வேண்டும்.

அங்கே அவருடைய கதையை முழுசாகச் சொல்லுங்கள். பதக்கமும் வெள்ளை மாளிகையும் மட்டும் போதாது. அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்ததும், அதனால் வாய்ப்பு போனதும், லிஃப்டுக்குத் திரும்பியதும் சேர்ந்துதான் கில்பின். வேலைக்கும் மானத்துக்கும் நடுவில் தினமும் கணக்குப் போட்டு வாழ்கிற மக்கள் இருக்கிற குடியிருப்பு அது. அவர்களுக்குக் கில்பினைப் புரியவைக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

2028-இல் போஜாங்கிள்ஸுக்கும் கில்பினுக்கும் சேர்ந்தே 150 வயது ஆகிறது. போஜாங்கிள்ஸின் சிலைக்கு மாலை விழும், கூட்டம் கூடும், கூடவும் வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 20-க்குள் புது அரங்கு எழுந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, உங்கள் வேலையின் சிரமம் தெரியும். ஆனால் அன்று கில்பின் கோர்ட்டிலேயே, குடியிருப்பவர்கள் முன்னிலையில், ஊர்ப் பிள்ளைகள் நடிக்க, அவரைப் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த முடியும். அதற்கான தீர்மானத்தை உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொதுமக்கள் பேசும் நேரத்தில் என் பெயரைப் பதிவு செய்து நானும் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
ரிச்மண்டுக்குப் பக்கத்தில் வாழும் ஒரு தமிழ் நாடக ரசிகன்